மூன்று வீட்டாரோடு மலையில் தங்கப் போகும் மகளுக்கு

மகளே,

ஆகஸ்ட் விடுமுறையில் எல்லயில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். தமிழ்நாட்டுக் கோத்தகிரியிலிருந்து வரும் உன் மாமா குடும்பம், எல்லக் கிராமத்தில் நமக்கு நெருங்கிய அந்தச் சிங்களக் குடும்பம், உன்னோடு படித்த தோழியின் பண்டாரவளை முஸ்லிம் குடும்பம், அவர்களோடு நம் வீடு. இத்தனை பேரையும் முன்னின்று கூட்டிப் போவது உனக்கு இதுதான் முதல் தடவை. கூடாரத்துக் கயிற்றை எப்படி இழுத்துக் கட்டுவது என்று உன் தம்பி என்னைவிட நன்றாகச் சொல்லுவான். வேறு வேறு விதமாக வளர்ந்த மனிதர்கள் ஒரே அடுப்பைச் சுற்றி உட்காருவது பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த வருடங்களும் கதிர்காமத்துக்கு நடந்துபோன வருடங்களும் கற்றுக்கொடுத்தவை இவை. ஒரே மூச்சில் வாசித்துவிடாதே. சாமான் கட்டும் நாட்களில் ஒவ்வொன்றாக வாசி.

1. யாரையும் விருந்தாளியாக உட்கார வைக்காதே. "நீங்கள் சும்மா வந்தால் போதும், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்ல உன் வாய் துடிக்கும். நம் சனத்தின் சுபாவம் அது. வீட்டில் ஒரு கைப்பிடி மா இருந்தாலும் வந்தவருக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்போம். ஆனால் மலையில் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவருக்கு அந்த இடம் கடைசிவரை அந்நியமாகவே இருக்கும். ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து தெமோதரைப் பக்கம் தங்கினோம். கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு எங்கள் பெண்கள் பாய் விரித்து, தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, எழும்பவே விடவில்லை. அவர் மடியில் கையை வைத்தபடி, முகத்துச் சிரிப்பு மாறாமல், பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளின் விரலைத் திருவலை கிழித்துவிட்டது. அந்த அம்மா எழுந்து வந்தார். யாரையும் கேட்காமல் திருவலையைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு துருவத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது. மகளின் பிரசவம், வயலில் பன்றி புகுந்த கதை, எங்கள் சம்பலுக்கு உப்புப் போதாது என்பது, எல்லாம் வந்தது.

விருந்தாளிக்குப் பாய் விரிக்கலாம். உறவுக்குப் பாயின் மறுமுனையைப் பிடிக்கக் கொடுக்க வேண்டும். ஆகவே புறப்படுமுன் ஒவ்வொரு வீட்டாரிடமும் "என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்கிற அதே வாயால் "எந்த வேலை உங்களுடையது?" என்றும் கேள். விறகு ஒரு வீட்டுக்கு, தண்ணீர் ஒரு வீட்டுக்கு, காலை அடுப்பு ஒரு வீட்டுக்கு. மூத்தவர்களுக்கும் ஒரு வேலை கொடு. வெங்காயம் உரிப்பதாக இருந்தாலும் பரவாயில்லை, அது அவருடைய வேலையாக இருக்கட்டும்.

2. இடத்தை இருப்பவர்களிலேயே பலம் குறைந்தவரை நினைத்துத் தேர்ந்தெடு. பையன்கள் நாரங்கலைக்குப் போகலாம் என்பார்கள். 1,527 மீட்டர் உயரத்துப் புல்மேட்டில் படுத்து, விடியும்போது மேகம் காலடியில் கிடப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசையிருக்காது? அந்த ஆசை அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும். இந்த முறை உன்னோடு முழங்கால் வலிக்கிற ஒரு பாட்டியும் நாலு வயதுக் குழந்தையும் வருகிறார்கள். சின்னச் சிவனொளிபாதத்தின் அடிவாரத்தில், தோட்டத்துப் பாதைக்கு அருகே, பீலித் தண்ணீர் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு சமதரை போதும். அங்கிருந்து உச்சிக்குப் படிக்கட்டு இருக்கிறது. 1,141 மீட்டர்தான், எல்ல ஊரே ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் ஏற்றம் கொஞ்சம்தான். பாட்டியும் இருந்து இருந்து ஏறிவிடுவார். ஏறியவுடன் எதிரே எல்லப் பாறை, நடுவில் அந்தப் பெரிய இடைவெளி, அதன் வழியாகத் தெற்கே இறங்கிப் போகிற சமவெளி. கோத்தகிரிப் பிள்ளைகளுக்கு மலை புதிதில்லை. ஆனால் மலை சட்டென்று முடிந்து நாடு விரியும் இந்தக் காட்சி அவர்களுக்கும் புதிதாகத்தான் இருக்கும்.

தங்கும் இடத்துக்கு அனுமதியை நேரில் போய்க் கேள். தோட்ட நிலம் என்றால் தோட்ட நிர்வாகத்திடம், தனியார் காணி என்றால் அந்த வீட்டாரிடம். கிராம சேவகர் காதிலும் ஒரு வார்த்தை போட்டு வை. இராவணன் எல்லச் சரணாலயத்துக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கூடாரம் போடக் கூடாது. "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று யாராவது சொன்னால் நீ இணங்காதே. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

3. மழைக்கும் காற்றுக்கும் பணிந்து போ. ஐப்பசி தொடங்கித் தை வரை நம் ஊவா மாகாணத்தில் மழைக்காலம். அந்த மாதங்களில் சரிவின் கீழ்க் குழந்தைகளைப் படுக்க வைக்கும் எண்ணமே வேண்டாம். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தையில் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அங்கே இருந்தவர்கள் காலம் காலமாக அந்த மலையை நம்பி இருந்தவர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் இந்த மலைகள் சரிந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. அதில் மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடு. வந்தவர்கள் வருத்தப்படுவார்கள்தான். கோத்தகிரிக்காரர்கள் விமானத்துக்குக் கொடுத்த காசை நினைத்து நீயும் தடுமாறுவாய். தடுமாறினாலும் தள்ளிப்போடு.

நீ போகும் ஆகஸ்டில் பயம் வேறு. கச்சான் காற்று மலையைக் கடந்து வறண்டு இறங்கும் காலம் அது. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்தக் காற்றால்தான், மானாப்புல் மேடுகளில் தீப்பிடித்துப் பரவுவதும் அந்தக் காற்றால்தான். அடுப்பைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வை. இடி முழங்கினால் உச்சியில் நிற்காமல் இறங்கு. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவன் என்று பேர் எடுத்த மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்துதான் செத்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல், சொன்ன மாத்திரத்தில் இறங்கி ஓடி வருவார்கள்.

4. பொதுப் பானையில் எல்லோரும் உண்ணக் கூடியதை மட்டும் போடு. கோழியோ இறைச்சியோ வேண்டும் என்றால் பண்டாரவளை வீட்டாரே வாங்கி வரட்டும். ஹலால் என்று அவர்கள் மனம் நிறைந்து சாப்பிடுவார்கள், மற்றவர்களுக்கும் குறையில்லை. மாட்டிறைச்சி அடுப்புக்கே வர வேண்டாம். இதை அவர்களிடம் நீ சொல்லவே தேவையிருக்காது, உன் தோழியின் உம்மாவுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். சம்பலில் மாசி போடுமுன் ஒரு பங்கை எடுத்து வை, நம் பாட்டி விரதம் என்றால் அதைத் தொட்டுக்கொள்வார். நாட்காட்டியைப் பார்த்துப் போயா நாளையும் வெள்ளிக்கிழமையையும் தவிர்த்துவிடு. போயாவில் சிங்கள வீட்டுப் பாட்டி சில் எடுப்பார், மதியத்துக்குப் பிறகு உண்ணமாட்டார். வெள்ளியன்று ஆண்கள் ஜும்ஆவுக்குப் போக வேண்டும். சனி, ஞாயிறு இரவுகள் எல்லோருக்கும் ஒத்துவரும்.

ஒருவர் மறுத்ததை இரண்டாம் முறை நீட்டாதே. "கொஞ்சம் ருசி பாருங்கள்" என்று அன்பாகத்தான் சொல்வோம். மறுக்கிறவருக்கு அது நாலு பேர் முன்னால் வைக்கிற பரீட்சை. தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், பருப்பு, ஈரப்பலாக்காய், காலையில் சிங்கள வீட்டுப் பாற்சோறு. இவ்வளவு இருக்கும்போது எந்த நாக்கும் ஏங்காது. சாராயம் மட்டும் கூடவே கூடாது. இதில் பெரியவர் சின்னவர் பார்க்காதே. தோட்டத்தில் எத்தனை நல்ல கூட்டங்கள் ஒரு போத்தலால் கலைந்தன என்று நம் பெண்களுக்குத் தெரியும்.

தேத்தண்ணி பற்றி ஒன்று. இந்த மலையின் நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும், கொழுந்தெடுத்த கைக்கு மிஞ்சுவது தூள். அந்த இரண்டு நாளாவது சீசன் தேயிலையைக் காசு கொடுத்து வாங்கிப் போ. கோத்தகிரியிலிருந்து வருகிறவர்களைத் தங்கள் தோட்டத்துத் தேயிலையைக் கொஞ்சம் கொண்டுவரச் சொல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். கடல் தாண்டிப் போயும் நம் ஆட்கள் அதே செடியைத்தான் கிள்ளுகிறார்கள் என்பது ஒரு வாய் குடித்தால் போதும், எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

5. ஒவ்வொருவரும் கும்பிடும் நேரத்துக்கு இடம் விடு. மூன்று மதத்துக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை என்று நீயாக ஏற்பாடு செய்யாதே. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அதில் எல்லோருமே கொஞ்சம் நெளிவார்கள். மாலைத் தொழுகைக்கு முன் கைகால் கழுவத் தண்ணீரும் மேற்குப் பார்த்த ஒரு சுத்தமான இடமும் இருக்கிறதா என்று பார். அந்த நேரத்தில் பாட்டை நிறுத்து. சிங்களப் பாட்டி விளக்கேற்றிப் பன்சில் சொல்வார், நம் பாட்டி திருநீறு பூசிக்கொள்வார். அவரவர் அவரவர் வேலையைச் செய்ய, மற்றவர்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இதை நான் கதிர்காமப் பாதயாத்திரையில் கற்றேன். நம் நாட்டில் குடும்பம் குடும்பமாக வெளியில் தங்கி, பல சனங்கள் கலந்து போகிற பழைய பயணம் அதுதான். வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டுக் கிழக்குக் கரையோரமாக வருகிறவர்களோடு நாங்கள் உகந்தையில் சேர்ந்துகொள்வோம். அங்கிருந்து காடு. குமண வழியாகப் போய், கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யால வழியாக நாலைந்து நாள் நடை. ஆற்றங்கரையில் சமைத்து, மரத்தடியில் சேலையை விரித்துப் படுப்போம். யானை வருமோ என்று இரவு முழுக்க யாராவது ஒருவர் விழித்திருப்பார். விழித்திருக்கிறவர் எந்த ஊர், எந்தச் சாதி என்று யாரும் கேட்டதில்லை. சிங்களவர்களும் நடந்தார்கள். ஒரு முதிய சிங்களப் பெண் தன் பொட்டலத்திலிருந்த அவலை என் கையில் கொட்டிவிட்டு, தன் நேர்த்தி என்னவென்று சைகையால் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நடந்து முடிந்து சேருமிடத்தில் முருகன் ஆலயம், கிரி விகாரை, பள்ளிவாசல் மூன்றும் நடை தூரத்தில் இருக்கின்றன. ஆடித் திருவிழாக் காலத்தில் பள்ளிவாசலிலும் கொடி ஏறும்.

இன்னொன்றும் உன் கூட்டத்தாருக்குக் காட்டு. எல்லயிலிருந்து கிழக்கே தெரிகிற நமுனுகுல மலைகளில்தான் மாணிக்க கங்கை பிறக்கிறது. கதிர்காமத்தில் எல்லோரும் தீர்த்தமாடுகிற ஆறு அதுதான். கதிர்காமமும் நம் ஊவா மாகாணத்துக்குள்தான் இருக்கிறது. பயணத்தில் மதத்தைப் பற்றி ஏதாவது பேச்சு எழுந்தால் அந்த ஆற்றைப் பற்றிப் பேசு.

6. பெண்களின் வசதியை முதலில் பார். கழிப்பறை எங்கே, இரவில் விளக்கு எங்கே, உடை மாற்ற மறைப்பு எங்கே. இதை ஆண்களிடம் விட்டால் "அங்கே புதர் இருக்கிறதே" என்பார்கள். உன் தோழியின் உம்மா முக்காட்டைத் தளர்த்தி நிம்மதியாக இருக்க ஒரு மறைவு வேண்டும், மாதவிலக்கில் இருக்கும் பிள்ளைக்குத் தண்ணீரோடு ஓரிடம் வேண்டும். இது சரியாக இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து, மறுநாள் தலைவலியோடு திரும்புவார்கள். காரணத்தையும் சொல்லமாட்டார்கள்.

7. பிள்ளைகளை மேடை ஏற்றாதே. "நீ ஒரு பாட்டுப் பாடு, நீ ஒரு ஆட்டம் ஆடு, நம் கலாசாரத்தைக் காட்டு" என்று பெரியவர்கள் தொடங்கினால் மெதுவாகத் தடு. பள்ளிக்கூடத்தில் இதை வருடாவருடம் பார்த்தேன். மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடிய பிள்ளைகள் இறங்கியதும் அவரவர் கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு பந்து கொடுத்தால் போதும். எல்லே விளையாடுவார்கள், கிரிக்கெட் விளையாடுவார்கள். மொழி தெரியாது என்று நீ ஓடிப்போய் மொழிபெயர்க்கவும் வேண்டாம். ஆட்டமிழந்தவன் இல்லை என்று அடம் பிடிப்பது எல்லா மொழியிலும் புரியும். தப்பு அடிக்கத் தெரிந்த உன் தம்பி தானாக அடுப்படியில் தட்டத் தொடங்கினால் அது வேறு. அதற்கு யாராவது தானாக எழுந்து ஆடினால் அது இன்னும் நல்லது.

8. லயத்தைப் பார்க்கப் போகும்போது அடக்கத்தோடு போ. உன் கோத்தகிரி மாமா என் சித்தப்பா மகன். தெமோதரைக்குப் பக்கத்து லயக் காம்பராவில் பிறந்தவர். 1948ஆம் வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது. பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். எஞ்சியவர்களின் கணக்கைப் பத்து வருடம் கழித்துத் தீர்த்தார்கள். சித்தப்பா குடும்பம் எழுபதுகளில் தெமோதரையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, இராமேஸ்வரத்தில் இறங்கியது. இங்கிருந்து போனவர்களுக்காகவே 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. மலையை விட்டுப் போனவர்களுக்கு மறுபடி மலையே வாய்த்தது.

இப்போது அவர் பேரப்பிள்ளைகளோடு வருகிறார். பிறந்த காம்பராவைப் பார்க்க வேண்டும் என்பார். பார்க்கட்டும். ஆனால் அங்கே இன்று வேறொரு குடும்பம் இருக்கிறது. அது அவர்களுடைய வீடு. முதல் நாளே நீ தனியாகப் போய்க் கேட்டு, அவர்கள் சரி சொன்ன நேரத்தில் மாமாவை மட்டும் அழைத்துப் போ. கூட்டமாகப் போய் ஸ்தோப்பில் நிற்காதீர்கள். கையில் சீனியோ பிஸ்கட்டோ கொண்டு போ. படம் எடுக்காதே. எல்லவுக்கு வருகிறவர்களில் பலர் கூடை முதுகோடு நிற்கும் பெண்களையும் தகரக் கூரைகளையும் அழகு என்று படம் பிடித்துப் போகிறார்கள். அந்தக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு துண்டுக் காணி உரிமைக்கு இன்னமும் காத்திருக்கிறார்கள். மாமா அழுதால் அழ விடு. "அழாதீங்க மாமா" என்று சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள், நீ பேசாமல் பக்கத்தில் நில்.

திரும்பி வந்து அவர் அடுப்படியில் அந்தக் கதையைச் சொன்னால், சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கேட்கட்டும். அவர்களுடைய பாடப் புத்தகம் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் மாமாவின் வாயிலிருந்து தெரிந்துகொள்ளட்டும்.

9. பழைய காயங்களைத் தேடிப் போய்த் திறக்காதே. தானாகத் திறந்தால் ஓடி ஒளியவும் செய்யாதே. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இழப்புக் கதை இருக்கிறது. சிங்கள வீட்டுத் தாத்தா 1818ஐப் பற்றிச் சொல்லக் கூடும். ஊவா வெல்லஸ்ஸவில் வெள்ளைக்காரன் வயல்களை எரித்து, குளங்களை உடைத்து, கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொலவின் தலையைக் கொய்த கதை. பிறகு அவர்கள் மேய்ச்சலுக்கும் சேனைக்கும் வைத்திருந்த மலைகள் அரசாங்க நிலம் என்று எழுதப்பட்டுத் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்குத்தான் நம்மைக் கொண்டு வந்தார்கள். இரண்டு கதையும் ஒரே மலையின் கதை. யாருடைய துன்பம் பெரிது என்று தராசு பிடிக்க யாரையும் விடாதே.

1983 ஜூலைக் கலவரம் பற்றி உனக்கு அம்மா கொஞ்சம் சொல்லியிருப்பாள். பதுளை எரிந்த நாட்களில் அவள் சின்னப் பிள்ளை. எல்லக் கிராமத்து அந்த வீட்டில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நாங்கள் இருந்தோம். அந்த வீட்டுப் பெரியவர் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டு வந்தவர்களிடம் அவர் என்ன சொன்னார் என்று கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை. இப்போது உன்னோடு கூடாரத்தில் தங்க வருகிறவள் அவருடைய பேத்தி.

இதற்காக ஒரு புத்திமதி. எல்லோர் முன்னாலும் அவளுக்கு நன்றி சொல்லி மாலை போடாதே. அப்படிச் செய்தால் அவள் காப்பாற்றிய வீட்டுப் பிள்ளையாகவும் நீ காப்பாற்றப்பட்ட வீட்டுப் பிள்ளையாகவும் எதிரெதிரே உட்கார்ந்துவிடுவீர்கள், நடுவில் ஒரு கடன் உட்கார்ந்துவிடும். அவளோடு சண்டை போடு, அவள் போடும் தேத்தண்ணியில் சீனி அதிகம் என்று சொல், அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளை ஒரு மணித்தியாலம் தூங்க விடு. அந்தப் பெரியவர் உயிரோடு இருந்தால் இதைத்தான் விரும்பியிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

10. கதை சொல்லும்போது கதைக்குச் சொந்தம் கொண்டாடாதே. எல்லயில் குகைக்கு இராவணன் பேர், அருவிக்கு இராவணன் பேர். சீதையை ஒளித்து வைத்த இடம் என்பார் ஒருவர். வைத்தியமும் இசையும் அறிந்த ஆதி மன்னன் என்பார் சிங்கள வீட்டார். நம் வீட்டார் கயிலையைத் தூக்கிய சிவபக்தன் என்பார்கள். மூன்றையும் கேட்ட பிள்ளைகள் மூன்றையும் நம்பிக்கொண்டு தூங்கட்டும். அருவியின் கீழ்க் குளிப்பதற்கு மட்டும் விடாதே. பாறை வழுக்கும், ஆட்களின் உயிர் போயிருக்கிறது.

11. கொண்டு போனதையெல்லாம் திரும்பக் கொண்டு வா. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டு முடிந்து அந்த மலைக்குக் கொழுந்தெடுக்க வருகிற அக்காமார் செருப்பில்லாமலும் வருவார்கள். நீங்கள் விட்டுப்போன உடைந்த போத்தல் அவர்கள் காலில்தான் ஏறும். யாராவது சாமான் தூக்கி உதவினால் கூலியைப் பேரம் பேசாமல் கொடு. செலவுக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி முதல் நாளே எல்லோருக்கும் காட்டு. காசில் மௌனம் நல்லதில்லை.

திரும்புமுன் கோட்டுவலைப் பாலத்துக்குக் கட்டாயம் கூட்டிப் போ. 1921இல் கட்டி முடித்தது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்பு இல்லை. ஒன்பது வளைவு, நிலத்திலிருந்து இருபத்து நாலு மீட்டர் உயரம். முதல் உலக யுத்த காலத்தில் இரும்பு கிடைக்காமல் போனதும் உள்ளூர்க்காரர்களே கல்லால் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள், அப்புஹாமி என்ற சிங்களப் பெரியவரின் பேரையும் சொல்வார்கள். 1924இல் இந்தப் பாதை வழியாகத்தான் பதுளைக்குக் கோச்சி வந்தது. பாலத்தைப் பக்கத்து மேட்டிலிருந்து பார்க்கச் சொல். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்து நம் பிள்ளைகளும் ஓடுவார்கள், கையைப் பிடித்துக்கொள். சுரங்கத்துக்குள்ளிருந்து கோச்சி வருவது வளைவில் தெரியாது.

12. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு பிணக்கு வரும். வராமல் இருக்காது. தூக்கம் குறைந்திருக்கும், ஒரு குழந்தைக்கு அட்டை கடித்திருக்கும், யாரோ யாரையோ "உங்கள் ஆட்கள் எப்போதும் இப்படித்தான்" என்றிருப்பார்கள். அந்த ஒரு வசனத்தை மட்டும் நீ விடாதே. அந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல், "மச்சான் செய்ததை மச்சானிடம் சொல்லுங்கள், ஊரிடம் சொல்லாதீர்கள்" என்று சொல். உன் சொந்த வீட்டு ஆள் சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் சொல். மற்ற வீட்டார் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு எல்லோருக்கும் ஏதாவது சாப்பிடக் கொடு. பாதிப் பிணக்குகள் பசியால் வருபவை.

13. அடுத்த பயணத்தை இன்னொரு வீட்டாரிடம் விடு. நீயே எப்போதும் அழைக்கிறவளாக இருந்தால் மற்றவர்கள் எப்போதும் வருகிறவர்களாகவே இருப்பார்கள். பண்டாரவளை வீட்டாருக்குப் பொத்துவில் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறார்கள், கடற்கரைக்குக் கூப்பிடுவார்கள். சிங்கள வீட்டார் மகியங்கனைக்கு என்பார்கள். அவர்கள் இடத்தில் அவர்கள் முறைப்படி நடக்கும். உனக்குப் பிடிக்காத நேரத்தில் எழுப்புவார்கள், உனக்குத் தெரியாத வேலையைத் தருவார்கள். செய். நாளைக் குறிக்கும்போது உன்னைக் கேட்டால் மட்டும் சொல். ஒருவேளை அது உனக்கு வேலை நாளாக அமைந்தால், அவர்களை மாற்றச் சொல்லாமல் நீ லீவு போட்டுவிட்டுப் போ.

அன்புடன்,
பெரியம்மா